கோல் காப்பவனின் தோல்

திண்டுக்கல் என்றவுடன் வெளியூர்க்காரர்கள் பூட்டையும், புகையிலையையும், சமீப காலமாகப் பிரியாணியையும் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களோ, 1755-இல் ஹைதர் அலி பௌஜ்தாராக வந்து அமர்ந்த மலைக்கோட்டையை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பதோடு தங்கள் சரித்திர ஞானத்தை முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் பேகம்பூரைத் தாண்டி வத்தலக்குண்டு சாலையில், காற்று எதிர்த்து வீசும் தினங்களில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்த எவருக்கும், இந்த ஊருக்கு இன்னொரு தொழிலும் உண்டென்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தோல் தொழிலைப் பற்றியும், தோலைக் கட்டிக்கொண்டு அடிபடுவதையே கடமையாக ஏற்றுக்கொண்ட ஒரு சிறு கூட்டத்தாரைப் பற்றியும் சேர்த்து எழுத வேண்டுமென்பது என் நெடுநாளைய எண்ணம். கூட்டத்தார் என்று நான் குறிப்பது ஹாக்கி ஆட்டத்தில் கோல் காக்கும் பிள்ளைகளை. பூட்டு ஊரில் இருந்துகொண்டு கோல் காப்பவனைப் பூட்டுக்கு ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுதிவிடுவது சுலபம். அந்தச் சபலத்தை அடக்கிக்கொண்டு தோலின் வழியே செல்வதுதான் உண்மைக்கு நெருங்கிய மார்க்கம் என்று எனக்குப் படுகிறது.

தோல் பதனிடுவது நம் நாட்டில் மிகப் பழைய தொழிலேயாயினும், அது கடல் கடந்த வியாபாரமாக உருவெடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். ஆவாரம்பட்டையில் ஊறி, கடுக்காயில் நிறம் தெளிந்து, சென்னைத் துறைமுகத்தின் வழியாக லண்டனுக்குப் போய்ச் சேர்ந்த தென்னாட்டுத் தோலுக்கு, கிழக்கிந்தியத் தோல் என்று அந்த நகரத்துச் சந்தையில் ஒரு தனிப்பெயரே வழங்கி வந்தது. அந்த வியாபாரத்தில் பெயரெடுத்த ஊர்களுள் திண்டுக்கல்லும் ஒன்று. உப்பிட்டு வந்த பச்சைத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இறக்கி, மயிர் கழன்ற பின் மரத்தின்மேல் விரித்து வளைந்த கத்தியால் சதைப்பக்கத்தைச் சுரண்டி, பட்டை ஊறிய தண்ணீர் நிரம்பிய தொட்டிகளில் நாள்கணக்காக மாற்றி மாற்றிப் போட்டு, எண்ணெய் தடவி நிழலில் உலர்த்தி எடுக்கும்வரை, அந்தத் தோல் எத்தனை முறை மனிதர் கைபட்டு மீள்கிறதென்பதை நேரில் கண்டவர்கள், காலில் மாட்டும் செருப்பையும் சற்று மரியாதையோடுதான் பார்ப்பார்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவர்களின் விரல்களும் பாதங்களும் வெந்து வெளுத்துப்போன கதையை, அவர்கள் சங்கம் கண்டு எழுந்த கதையோடு சேர்த்து, இந்த ஊரிலேயே வக்கீலாக இருந்த டி. செல்வராஜ் 'தோல்' என்ற நாவலாக எழுதினார். அதற்கு 2012-இல் சாகித்திய அகாதெமி பரிசும் கிடைத்தது. ஆவாரம்பட்டை போதாமற்போன காலத்தில், தோல் தொழிலுக்கென்றே கொடைக்கானல் மலையில் வாட்டில் மரங்களை நட்டார்கள். சீதளம் தேடி மலையேறுகிறவர்கள் வழிநெடுகப் பார்த்து ரசிக்கும் பசுமையில் ஒரு பாகம், கீழே சமவெளியில் இருக்கும் தோல் தொட்டிகளுக்காகத் தோன்றியது என்பது பலருக்குத் தெரியாது.

இப்போது ஹாக்கிக்கு வருகிறேன். கிரிக்கெட் பந்து, தரையில் ஆடும் ஹாக்கியின் பந்து, பனிக்கட்டியின்மேல் சறுக்கிக்கொண்டு ஆடும் ஐஸ் ஹாக்கியின் ரப்பர் வட்டு ஆகிய இம்மூன்றையும் தராசில் நிறுத்தால், மூன்றும் ஏறக்குறைய ஒரே எடையில் நிற்கும். முதலிரண்டும் 156 முதல் 163 கிராம், மூன்றாவது 156 முதல் 170 கிராம். பழைய காலத்து ஹாக்கிப் பந்து, வெள்ளைச் சாயம் பூசிய கிரிக்கெட் பந்தேயல்லாமல் வேறில்லை. ஐந்தரை அவுன்ஸ் என்ற இந்தக் கனத்தை மனித எலும்பு எவ்வளவு தூரம் தாங்கும், எந்த இடத்தில் முறியும் என்பதைச் சொந்தத் தேகத்தால் சோதித்துப் பார்த்தவர்கள் மூன்று ஆட்டங்களிலும் உண்டு. கிரிக்கெட்டில் மட்டையாளன் அந்தச் சோதனைக்கு இடையிடையே ஆளாகிறான். ஹாக்கியில் கோல் காப்பவனோ அதற்காகவே அங்கே நிறுத்தப்பட்டிருக்கிறான்.

ஐஸ் ஹாக்கி நம் சமவெளிக்கு அந்நியமானது. பனிக்கட்டி என்பது இங்கே சோடாக் கடையிலும் மீன் கூடையிலும் காணும் வஸ்து. அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து பனிக்கட்டியைக் கப்பலேற்றிக் கொணர்ந்து, அது உருகாதிருக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் ஒரு மாளிகையையே எழுப்பினார்கள் என்பதிலிருந்தே அதன் அருமை விளங்கும். பிற்காலத்தில் விவேகானந்தர் தங்கியதால் புனிதம் பெற்ற ஐஸ் ஹவுஸ் கட்டிடம் அதுவே. ஆயினும் காலக் கணக்கை வைத்துப் பார்த்தால் ஒரு விநோதம் தென்படுகிறது. கனடாவில் மாண்ட்ரியால் நகரத்தின் விக்டோரியா சறுக்கு மண்டபத்தில், கூரைக்கடியில் விதிகளோடு ஆடப்பட்ட முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டம் 1875 மார்ச் 3-ஆம் தேதி நடந்தது. அதே 1875-இல்தான் திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் ஓடத் தொடங்கியது. எங்கள் ஊர்த் தோல் மாட்டு வண்டியை விட்டு ரயிலேறிய ஆண்டில், அந்த ஆட்டம் குளத்தை விட்டு மண்டபத்திற்குள் நுழைந்திருக்கிறது.

மண்டபத்திற்குள் நுழைந்த அந்த ஆட்டத்தில் கோல் காப்பவனுக்கென்று ஆதியில் தனியாக ஒரு கவசமும் இருந்ததில்லை. மற்றவர்கள் அணிந்ததையே அவனும் அணிந்துகொண்டு, ஆறடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள கோலின் முன்னே நின்றான். 1896 பிப்ரவரியில், வின்னிபெக் விக்டோரியாஸ் அணியின் கோல் காவலரான ஜார்ஜ் மெரிட் என்பவர் ஸ்டான்லி கோப்பைக்கான ஆட்டத்தில் கிரிக்கெட் பேடுகளைக் காலில் கட்டிக்கொண்டு பனித்தரையில் வந்து நின்றார். பார்த்தவர்களுக்கு அது வேடிக்கையாயிருந்திருக்க வேண்டும். ஆனால் மெரிட்டின் அணி அன்று வென்றது. அதற்குப் பின் வேடிக்கை வழக்கமாயிற்று. கடன் வாங்கிய கவசத்துக்கு ஒரு குறையும் இருந்தது. கிரிக்கெட் பேடு முழங்காலைச் சுற்றி வளைந்து நிற்பது. அதில் பட்ட வட்டு எந்தத் திசையில் தெறிக்கும் என்று சொல்வதற்கில்லை. சில சமயம் காத்தவனின் காலிலிருந்தே கோலுக்குள் புகுந்துவிடும்.

இந்தக் குறையைக் கண்டுபிடித்துத் தீர்த்தவர் விளையாட்டு வீரருமல்லர், எஞ்சினீயருமல்லர். ஹாமில்டன் என்ற ஊரில் குதிரைகளுக்குச் சேணம் தைத்துக்கொண்டிருந்த எமில் கெனெஸ்கி என்ற தொழிலாளி. தோலின் சுபாவம் அறிந்தவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை அவருக்குத் தோன்றியது: பேடை வளைவாக விடாமல் தட்டையாக அகலப்படுத்தி, ஓரங்களில் திணித்துப் புடைக்கச் செய்தால், பட்ட வட்டு தெறித்தோடாமல் காலடியிலேயே விழுமல்லவா! மேலே தோல், உள்ளே நெருக்கிய கம்பளி, மான் மயிர், இலவம்பஞ்சு என்று அவர் தைத்துக் கொடுத்த கவசத்தை 1924-இல் ஹாமில்டன் அணியின் ஜேக் ஃபோர்ப்ஸ் அணிந்தார். அதற்குப் பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் அந்தச் சேணக்காரரின் பட்டறை வாசலில் கோல் காப்பவர்கள் காத்துக் கிடந்தார்கள். இலவம்பஞ்சு என்ற வார்த்தையைக் கண்டதும் நம் பக்கத்து வாசகர்களுக்குப் போடிநாயக்கனூர் நினைவுக்கு வரும். மலையடிவாரத்து இலவ மரங்களின் பஞ்சைத் தலையணைக்கும் மெத்தைக்கும் அனுப்பி வைக்கும் ஊர் அது. தோலுக்குத் திண்டுக்கல், பஞ்சுக்குப் போடி என்று, அந்தக் கவசத்தின் மேலும் உள்ளும் இந்தப் பிரதேசத்து மக்கள் கைகளில் அன்றாடம் புரளும் பண்டங்களாகவே இருந்திருக்கின்றன. ஈரம் பட்டால் தோல் கனக்கும், பஞ்சு சுருளும். ஆட்டம் முடிகிற நேரத்தில் கோல் காப்பவன் இரண்டு கால்களிலும் தண்ணீரைச் சுமந்துகொண்டு நிற்பான். அந்தக் கஷ்டம் செயற்கை நுரைத் திணிப்பும் செயற்கைத் தோலும் வரும்வரை தீரவில்லை.

முகத்திற்குக் காப்பு வந்த கதை இதைவிட நீளமானது; இதைவிட வெட்கப்படத்தக்கதும்கூட. 1918 வரையில் கனடாவின் தொழில்முறை ஆட்டத்தில் கோல் காப்பவன் தடுப்பதற்காகத் தரையில் விழுந்தாலே தண்டனை உண்டு. கிளின்ட் பெனடிக்ட் என்பவர் கால் இடறியதுபோல் பாவனை செய்து மண்டியிட்டு மண்டியிட்டுத் தடுத்ததால், விதியையே மாற்றும்படி ஆயிற்று. அதே பெனடிக்ட், 1930-இல் வட்டு பட்டு மூக்கு உடைந்தபின், தோலால் செய்த முகமூடி ஒன்றைக் கட்டிக்கொண்டு சில ஆட்டங்கள் ஆடினார். கீழ்ப்பார்வை மறைகிறதென்று அதைக் கழற்றி எறிந்துவிட்டார். அவருக்கும் மூன்று வருஷங்களுக்கு முன்பே, 1927-இல், குவீன்ஸ் சர்வகலாசாலையின் மாணவியரணியில் கோல் காத்த எலிசபெத் கிரகாம் என்ற பெண், வாள்பயிற்சிக்காரர்கள் அணியும் கம்பி முகமூடியைப் போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறாள். ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு இருந்த விவேகம் தேசப் பிரசித்தி பெற்ற ஆடவர்களுக்கு வர இன்னும் முப்பத்திரண்டு வருஷம் பிடித்தது. 1959 நவம்பர் 1-ஆம் தேதி நியூயார்க்கில், முகத்தில் வட்டு பட்டுக் கிழிந்து தையல் போட்டுக்கொண்ட ஜாக் பிளாண்ட், முகமூடி இல்லாமல் மறுபடி இறங்கமாட்டேன் என்று பயிற்சியாளரிடம் பிடிவாதம் செய்து, அதை அணிந்து ஆடி வென்றார். அதுவரையில் முகத்தை மறைப்பவன் கோழை என்பது பெரியவர்களின் அபிப்பிராயமாயிருந்தது. அப்படிச் சொன்னவர்களில் அநேகர் கோலின் முன் நின்றவர்கள் அல்லர் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்த ஸ்தானத்திற்கு ஒரு சிறுவன் எப்படி வந்து சேர்கிறான்? விரும்பி வந்தவர்கள் குறைவு. ஜாக் பிளாண்ட் கியூபெக் மாகாணத்து ஏழைக் குடும்பத்தில், பதினொரு குழந்தைகளில் மூத்தவர். ஆஸ்துமாவினால் மூச்சிறைத்து, மற்றப் பிள்ளைகளோடு சறுக்கி ஓட முடியாமற்போனதால் கோலுக்கு ஒதுங்கினார். அவருடைய முதல் கால்கவசம் உருளைக்கிழங்குச் சாக்கில் திணிப்பு அடைத்து, உள்ளே மரச் சட்டம் வைத்து ஆக்கியது. மட்டை, தந்தை மரவேரிலிருந்து செதுக்கிக் கொடுத்தது. வாலிபனாகும் முன்னரே ஆலை அணி ஒன்றுக்காக ஆட்டத்துக்கு ஐம்பது சென்ட் கூலி வாங்கிக்கொண்டு கோல் காத்தார். டெர்ரி சாச்சுக்கின் கதை இன்னும் உருக்கமானது. வின்னிபெக்கில் குடியேறிய உக்ரேனியக் குடும்பம். கோல் காவலனாயிருந்த அண்ணன் மைக் பதினேழாம் வயதில் இதய நோயால் இறந்துபோக, அவனுடைய பேடுகள் பத்து வயதுத் தம்பிக்கு வந்தன. பன்னிரண்டாம் வயதில் முழங்கையில் பட்ட அடியை வீட்டில் சொல்லப் பயந்து மறைத்ததால், வலக்கை மற்றதைவிடக் குட்டையாகவே நின்றுவிட்டது. பதினாறு வயதில் ஊரை விட்டு, நெடுந்தூரத்திலிருந்த கால்ட் என்ற ஊரின் இளையோர் அணிக்குப் போய்ச் சேர்ந்தான் அந்தப் பிள்ளை. பின்னாளில் 103 ஆட்டங்களில் ஒரு கோலும் விடாதவர் என்ற கீர்த்தியும், முகத்தில் ஏறக்குறைய நானூறு தையல்களும் பெற்று, நாற்பது வயதில் மாண்டுபோனார்.

கனடாவில் இளையோர் ஹாக்கி என்பது ஒரு ஸ்தாபனம். முதல் உலக மகாயுத்தத்தில் மடிந்தவர்களின் நினைவாக 1919-இல் ஏற்பட்ட மெமோரியல் கோப்பை அதன் உச்சம். பதினாறு பதினேழு வயதில் தாய் தகப்பனைப் பிரிந்து, அந்நிய ஊரில் ஏதேனும் ஒரு குடும்பத்தார் வீட்டில் தங்கி, பகலில் பள்ளிக்கூடமும் மாலையில் பயிற்சியுமாக, இரவில் பனி மூடிய சாலைகளில் பஸ் பிரயாணமுமாக அந்தப் பிள்ளைகள் வளர்கிறார்கள். அணிக்குக் கோல் காவலர் இருவர், ஆடுபவன் ஒருவன். மற்றவன் கவசமெல்லாம் பூண்டு, இலவு காத்த கிளியாய்ப் பலகையில் உட்கார்ந்திருப்பான். அந்தப் பையனின் மனோநிலையைப் பற்றி ஹாக்கி சரித்திரங்களில் தேடினேன். முன்னணி வீரனின் ஒவ்வொரு கோலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியவர்கள் அவனுக்கு ஒரு வாக்கியத்தைக்கூட ஒதுக்கவில்லை.

நம் தேசத்தில் ஐஸ் ஹாக்கிக்கு இருப்பிடம் லடாக். இராணுவ பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு லே நகரத்துக் குளத்தில் சறுக்கத் தொடங்கியவர்களின் வழியில் வந்த பெண்கள், 2025-இல் ஐக்கிய அரபு நாட்டின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியிருக்கிறார்கள். ஆயினும் திண்டுக்கல் சமவெளியில் வெயிலில் நிற்பவனுக்கு உறவு முறையில் கிட்டியவன் தரை ஹாக்கியின் கோல்கீப்பர்தான். அவன் காக்கும் கோல் பன்னிரண்டடி அகலம், ஏழடி உயரம். பனித்தரையின் கோலைப்போல் மூன்றரை மடங்கு பரப்பு.

ரெஜிமெண்டுகளும், ரயில்வேக்களும், பாதிரிமார் நடத்திய பள்ளிகளும் இந்த ஆட்டத்தை நம் நாட்டில் பரப்பின. கோல் காப்பவர்கள் வரிசையில் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ரிச்சர்ட் ஆலன்; 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 29 கோல் போட்டபோது, தன் பக்கத்தில் ஒன்றையும் விடாதவர். நம் மாகாணத்துக்கு உரியவர் ரங்கநாதன் பிரான்சிஸ். 1920-இல் ரங்கூனில் பிறந்து, சென்னை அணிக்காக ஆடி, 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன் என்று மூன்று ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம் பெற்றவர். மூன்று தங்கம் பெற்ற தமிழகத்து வீரர் ஒருவரின் பெயர், விளையாட்டில் ஆசையுள்ள நம் பிள்ளைகளில் நூற்றில் ஒருவருக்குக்கூடத் தெரியாதென்றால், அதற்கு அவர் கோல் போடாமல் கோல் காத்தவர் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. லண்டனில் லியோ பின்டோவும் மெல்போர்னில் சங்கர் லட்சுமணும் பிரதானமாக நின்றார்கள். மெல்போர்னில் இந்தியா ஒரு கோலும் வாங்கவில்லை. மௌ பாளையத்துக்காரரும் இராணுவ பாண்டு வாத்தியக்காரராகச் சேர்ந்தவருமான லட்சுமண், தலைக்கவசம் என்பதே இல்லாத அக்காலத்தில், 1964 டோக்கியோ இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானின் பந்துகளை வெறும் பேடும் கையுறையுமாக நின்று தடுத்தார். 1966-இல் ஆசியப் போட்டியில் அணித்தலைவராகவும் தங்கம் வென்றார். 2006-இல் காலில் அழுகல் நோய் கண்டு, வறுமையிலேயே இறந்தார்.

அந்தக் காலத்துப் பேடு எப்படிப்பட்டதென்றால், வெளியே கான்வாஸ், உள்ளே பிரம்புக் குச்சிகளும் பஞ்சும், விளிம்பில் தோல், பின்னால் மூன்று நான்கு வார். பூட்ஸின்மேல் மாட்டும் தோல் கவசம் வேறு. இவற்றை ஒருவன் தானே கட்டிக்கொள்வது சிரமம். தோழன் ஒருவன் மண்டியிட்டு பக்கிளை இழுத்துக் கட்டுவான். மிஞ்சிய வார் நுனி ஓடும்போது காலில் இடறாமலிருக்க அதை மறுபடியும் உள்ளே செருகுவான். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் இவை ஒரே ஒரு ஜோடிதான் இருக்கும். அது பள்ளியின் சொத்து. பையன்கள் மாறுவார்கள், பேடு மாறாது. வார் அறுந்தால் பஸ் நிலையத்து ஓரத்தில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவரிடம் போகும். அவர் பூட்ஸ் வாரை வெட்டி ஒட்டுப் போட்டு, மெழுகு நூலால் இரட்டைத் தையல் போட்டுத் தருவார். அந்தத் தையல் பேடின் மற்றெல்லாப் பாகங்களும் இற்றுப்போன பின்பும் நிற்கும். சேணக்காரர் கெனெஸ்கியின் சகோதரர் அவர்.

தேசப் பிரிவினைக்கு முன் விளையாட்டுச் சாமான்களுக்கு ஸியால்கோட் பேர்போன ஊர். 1947-க்குப் பின் அந்தக் கைவினைஞர்கள் ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் வந்து குடியேறினார்கள். நம் பள்ளிகளுக்குப் பேடு அந்த ஊர்களிலிருந்தே வந்தது, இன்றும் வருகிறது. 1976-இல் மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தரைக்கு ஏறியது. பந்தின் வேகம் பெருகியது; கான்வாஸ் பேடு போய் நுரைத் திணிப்பு வந்தது, தலைக்கவசமும் மார்புக்கவசமும் சேர்ந்துகொண்டன; விலையும் அதே வேகத்தில் ஏறியது. மற்ற பத்துப் பேரும் ஒரு மட்டையோடு ஆட வந்துவிடலாம். கோல் காக்க வரும் பிள்ளை மட்டும் தலை முதல் கால் வரை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வரவேண்டும்.

இதற்குச் சாட்சியாக ஒரே ஒரு வாழ்க்கையைச் சொல்கிறேன். எர்ணாகுளம் ஜில்லாவில் கிழக்கம்பலம் என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஸ்ரீஜேஷ், பன்னிரண்டு வயதில் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்குப் போனார். ஓட்டம், நீளத்தாண்டல், வாலிபால் என்று அலைந்தபின், பயிற்சியாளர் சொல்படி ஹாக்கியில் கோலுக்கு வந்து நின்றார். பிள்ளைக்குக் கவசம் வாங்க வேண்டியிருந்தபோது, அவர் தந்தை வீட்டிலிருந்த பசுவை விற்றார். பசு போய்ப் பேடு வந்தது. கிராமத்துக் குடித்தனக்காரனுக்குப் பசுவை விற்பதென்பது என்ன என்பதை நான் இங்கே விஸ்தரிக்க வேண்டியதில்லை. கறவைப் பசுவை விற்ற வீட்டில் அன்று மாலை பால் கறக்கும் வேளை எப்படிக் கழிந்திருக்குமென்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளை 2021-இல் டோக்கியோவிலும் 2024-இல் பாரிஸிலும் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்த அணிகளில் கோல் காத்தார். பின் ஓய்வு பெற்று இளையோர் அணிக்குப் பயிற்சியாளரானார்.

பயிற்சியாளராக அவர் தம் பிள்ளைகளோடு எங்கள் பக்கத்துக்கே வந்தார். 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை இளையோர் உலகக் கோப்பை ஹாக்கி தமிழ்நாட்டில், சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. முதன்முறையாக 24 தேசங்கள் பங்கெடுத்தன. திண்டுக்கல்லிலிருந்து மதுரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். காலையில் பள்ளி, மாலையில் உலகக் கோப்பை என்று ஒரு பிள்ளை போய்வரக்கூடிய தூரம். காலிறுதியில் பெல்ஜியத்தோடு சமனாகி ஷூட்-அவுட் வந்தபோது, அணியைக் கரைசேர்த்தவர் பிரின்ஸ்தீப் சிங் என்ற இளம் கோல்கீப்பர்; இந்தியா மூன்றாமிடம் பெற்றது. மதுரை மைதானத்தில் போட்ட நீலத் தரை அங்கேயே இருக்கிறது. கோவில்பட்டியில் ஹாக்கி வளர்ந்தது, எங்கள் ஊர்களில் வளரவில்லை என்று இனி வருத்தப்பட்டுக்கொண்டிருப்பதில் நியாயமில்லை. சாதனங்கள் சமீபத்திலேயே வந்துவிட்டன.

வராதது பேடு. திண்டுக்கல் சுற்று வட்டாரத்தில், நத்தத்திலும் வேடசந்தூரிலும் நிலக்கோட்டையிலும் ஒட்டன்சத்திரத்திலும், செம்மண் தரையில் மட்டை பிடிக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களில் கோலுக்கு நிற்கச் சொன்னால் முன்வரும் பிள்ளை பயந்தாங்கொள்ளியல்லன், ஆனால் கிரிக்கெட் பேடைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியவன். மெரிட் 1896-இல் செய்ததை 130 வருஷங்களுக்குப் பின்னும் அவன் செய்துகொண்டிருக்கிறான் என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கோல் காவலன் கவசத்தைத் தனியொரு பிள்ளையின் உடைமையாக எண்ணாமல், பள்ளிக்கூடத்து மணியைப்போல், மைதானத்தைப்போல், ஊரின் பொதுச்சொத்தாக வைப்பதே முறை. தலைக்கவசம், மார்புக்கவசம், கால்பேடு, பூட்ஸின்மேல் மாட்டும் கிக்கர், கையுறை என்று முழுமையாக ஒரு செட், ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு பள்ளியில் இருந்தால்கூட, சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகள் முறைபோட்டு உபயோகித்துக்கொள்வார்கள்.

இதை அரசாங்கத்திடம் மட்டும் கேட்பானேன்? நான்கு தலைமுறையாகத் தோலில் சம்பாதித்த குடும்பங்கள் இந்த ஊரில் இருக்கின்றன. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் கைதாராளமாகக் கொடுத்தவர்கள். பழைய மாணவர் சங்கங்களும் ஆண்டுக்கொரு விருந்து நடத்துகின்றன. அடுத்த வருஷத்து விருந்தில் ஒரு பந்தியைக் குறைத்துக்கொண்டு, தாம் படித்த பள்ளிக்கு ஒரு கோல் காவலன் கவசத்தை வாங்கிக் கொடுக்குமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வார் அறுந்தால் தைத்துக் கொடுக்க பஸ் நிலையத்தில் ஆள் இருக்கிறார்.